நெரெய்தா எடை குறைத்த படங்கள்

நெரெய்தா என்ன வேலை பார்க்கிறாள் என்று எங்கள் தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. நாள் முழுக்க வீட்டுக்குள் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்பது மட்டும்தான் தெரியும். எதிர்வீட்டு ரொட்டிக்காரர் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார்.

"நீ உள்ள உக்காந்து அப்படி என்னதான் பண்ற?"

"படங்களுக்குப் பத்தியம் போடுறேன். குண்டா வரும். ஒல்லியாக்கி அனுப்பிடுவேன்."

அவர் கேலி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு போனார். ஆனால் அவள் சொன்னது முழு உண்மை. பெருநகரத்தில் ஒரு நிறுவனம் கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுத்தது. மெத்தைக் கடை, கல்யாண மண்டபம், டிராக்டர் உதிரிபாகம் என்று எல்லாவிதமான கடைகளும் அதில் உண்டு. கடைக்காரர்கள் கேமராவில் எடுத்த படங்களை எடுத்த கையோடு அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொன்றும் எட்டு எம்பி, பத்து எம்பி இருக்கும். அதை அப்படியே பக்கத்தில் வைத்தால் பக்கம் திறப்பதற்குள் வாங்க வந்தவன் வேறு கடைக்குப் போய்விடுவான். நெரெய்தா அந்தப் படத்தைக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் நூறில் ஒரு பங்காகச் சுருக்குவாள். பிறகு, கேமரா கொடுத்த எண்ணை அழித்துவிட்டு, 'நீல இரட்டைக் கட்டில், பைன் மரம்' என்கிற மாதிரி ஒரு பெயர் வைப்பாள். கடைசியாக, படத்தில் என்ன இருக்கிறதென்று ஒரு வரி எழுதி அதன் பின்னால் ஒளித்து வைப்பாள். பார்வை இல்லாதவர்களின் போன் அந்த வரியைத்தான் வாய்விட்டுப் படிக்கும். தேடுபொறியும் பெயரையும் வரியையும் வைத்துத்தான் எந்தப் படத்தை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்யும்.

இதெல்லாம் எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். நான் பள்ளிக்கூடச் சமையல்காரி. பெயர் கிரிசாந்தா. என் மகன் எவெலியோ பத்தொன்பது வயதில் மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றப் போனான்; திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும், காணாமல் போனவர்களைத் தேடி ஊருக்கு வெளியே மண்ணைக் கிளறுகிற பெண்களோடு நானும் போகிறேன். சந்தேகப்படுகிற இடத்தில் இரும்புக் கம்பியை ஆழமாக இறக்கி, வெளியே இழுத்து, நுனியை முகர்ந்து பார்ப்போம். பிண வாடை இருந்தால் தோண்டுவோம்.

நெரெய்தாவின் தம்பி உலிசெஸ் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவன். ஒரு செவ்வாய்க்கிழமை யாரோ வேலைக்குக் கூப்பிட்டார்கள் என்று கிளம்பினான். மாலையில் அவனுடைய கருவிப்பெட்டி நெடுஞ்சாலை ஓரத்தில் கிடைத்தது. மூடி ஒழுங்காகச் சாத்தியிருந்தது. மூன்றாவது சனிக்கிழமை அவள் எங்களோடு வந்து நின்றாள். காலில் வெள்ளை வெளேரென்று துணிச் செருப்பு.

"இது மாதா கோயிலுக்குப் போட்டுட்டுப் போற செருப்பு, மிஹா," என்றேன். எங்கள் பக்கத்தில் மகள் வயதுக்காரிகளை அப்படித்தான் கூப்பிடுவோம்; மூத்தவளை அவர்கள் தோன்யா என்பார்கள்.

"இருக்கிறது இதுதான், தோன்யா. அழுக்கானா கழுவிக்கிறேன். என்னைப் பொண்ணு பாக்கவா வர்றாங்க இங்க?"

பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றவள் சிரித்துவிட்டாள். "வந்தாலும் வருவாங்க. போன வாரம் ரெண்டு போலீஸ்காரங்க வந்தாங்க. எங்களைவிட அவங்கதான் பயந்து போயிருந்தாங்க."

அன்று மத்தியானம் மெஸ்கிட் முள்மர நிழலில், சோள ரொட்டியில் சுருட்டிய டாகோ சாப்பிடும்போது நெரெய்தா என்னிடம் சொன்னாள். "போலீஸ்ல கேட்டாங்க, என்ன சட்டை போட்டிருந்தான்னு. எனக்குத் தெரியலை, தோன்யா. காலையில எதிர்லதான் உக்காந்து முட்டை சாப்பிட்டான். முடி வெட்டினது நல்லா இல்லைன்னு கேலி பண்ணினேன். மெத்தை உறையில எத்தனை பூ இருக்குன்னு கேளுங்க, சொல்லிடுவேன். அவன் போட்டிருந்த சட்டை மட்டும் ஞாபகம் வரலை."

இரண்டு வருடம் கழித்து மாநிலத் தடயவியல் அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. குழிகளில் கிடைத்த துணிமணி, பெல்ட், செருப்பு, பல்செட் எல்லாவற்றையும் படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறோம், குடும்பத்தார் பார்த்து அடையாளம் சொல்லலாம் என்றார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது படங்கள். ஆய்வகத்தில் மரபணுச் சோதனைக்கு வருடக் கணக்கில் வரிசை நின்றது. அதனால் துணியைப் பார்த்து ஆளைச் சொல்வதுதான் எங்களுக்கு இருந்த குறுக்குவழி.

நான் என் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். வெள்ளையாக இருந்தது. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போன் சூடானது. அரைமணி கழித்து முதல் படம் மேலிருந்து கீழே மெல்ல மெல்ல இறங்கியது. நாற்பதாவது படம் வருவதற்குள் ஒரு மாதத்துக்கான டேட்டா தீர்ந்துவிட்டது. எதற்கும் பெயர் கிடையாது, வெறும் எண்தான். மகன் சிவப்புச் சட்டை போட்டிருந்தான் என்றால் சிவப்புச் சட்டையைத் தேட வழியில்லை. ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மலையில் இருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். லா எஸ்கோந்திதா என்கிற கிராமத்தில் எதுவிகெஸ் என்று ஓர் அம்மா. அறுபத்தாறு வயது. அவளுடைய மகன் ஃபவுஸ்தீனோ தக்காளி பறிக்கிற வேலைக்கு எங்கள் பக்கம் வந்து காணாமல் போனவன். அந்த ஊரில் தேவாலயத்துக்குப் பின்னால் மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி அருகில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அவளும் கணவர் இலாரியோவும் தினமும் மேடேறிப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருநாள் நெரெய்தாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஒரு கை வந்துச்சு, மிஹா. முழுக்கைச் சட்டையோட கை. உடம்பு வரலை. அதுக்குள்ள நின்னு போச்சு."

நெரெய்தா போனை வைத்தாள். பிறகு மேசையைத் தட்டினாள். "இது என் வேலை. இதைத்தானே நான் மெத்தைக்குப் பண்றேன்! மெத்தை வாங்குறவன் மூணு நொடி காத்திருக்க மாட்டான்னு எனக்குச் சம்பளம் குடுக்குறாங்க. இவங்க தொட்டி மேட்டுல நிக்கிறாங்க!"

அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதினாள். படங்களை எப்படிச் சுருக்கலாம், பெயர் எப்படி வைக்கலாம் என்று விவரமாக எழுதி, இலவசமாகச் செய்து தருகிறேன் என்றாள். 'தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது' என்று ஒரே பதில் மூன்று முறை வந்தது. அதற்குமேல் அவள் கேட்கவில்லை. எல்லாப் படங்களையும் இறக்கிக்கொண்டு எங்கள் கூட்டத்தின் பெயரில் தனியாக ஒரு பக்கம் ஆரம்பித்தாள்.

ஏழு மாதம் ஆயிற்று. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, மெத்தை வேலை தொடங்கும் வரை இந்த வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் காப்பி போட்டுக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருவேன். படத்தைச் சுருக்குவது நிமிடத்தில் முடிந்துவிடும். வரி எழுதத்தான் நேரம் பிடிக்கும்.

"இது என்ன, சொல்லுங்க."

"பழைய சட்டை."

"பழசுன்னு எழுதினா யாரு தேடுவா? எந்த அம்மாவாவது என் புள்ளை பழைய சட்டை போட்டிருந்தான்னு தேடுவாளா? அவ மனசுல அது புதுசு. வேற சொல்லுங்க."

நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்ப்பேன். "கட்டம் போட்டது. நீலம். மூணாவது பட்டன் மட்டும் வெள்ளை. சிவப்பு நூல்ல தைச்சிருக்கு."

"இது வரி," என்பாள். அப்படியே எழுதுவாள்.

பழசு, அழுக்கு, சாதாரணம் என்ற மூன்று சொற்களுக்கும் அவளிடம் இடமில்லை. இடது செருப்பில் கட்டைவிரல் பதிந்த பள்ளம், கைக்குட்டை மடிப்பில் இருந்த பேருந்துச் சீட்டு, சாவிக்கொத்தில் தொங்கிய பிளாஸ்டிக் ஆமை என்று ஒன்றையும் விடவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது பொருளையும் கையில் எடுத்துப் பார்த்தவள் மாதிரி எழுதினாள். சில நாள் நடுவில் எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வருவாள். நான் காப்பியைச் சூடாக்கி வைப்பேன்.

பக்கம் தயாரானது. விரல் எதுவரை தள்ளுகிறதோ அதுவரைதான் படங்கள் வரும், மீதி காத்திருக்கும். தொட்டி மேட்டில் இரண்டு மூச்சு விடுவதற்குள் திறந்துவிட்டது.

"முழுசா வந்துருச்சு, மிஹா! முழுசா வந்துருச்சு!" என்று எதுவிகெஸ் கத்தினாள். பின்னால் இலாரியோ கைதட்டுவது கேட்டது. அப்புறம் கைதட்டல் நின்றது. முழுசாக வந்தது செத்துப்போன யாரோ ஒருவனின் கால்சட்டை.

இரண்டு மாதம் கழித்து, எல்லையோர ஊரில் தையல் ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெண் சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடினாள். 'பெல்ட் குதிரைக் கொக்கி ஒரு கண் இல்லை' என்று அடித்தாள். எங்கள் பக்கம் முதலாவதாக வந்தது. பதினெட்டு மணி நேரம் பேருந்தில் வந்து இறங்கினாள். அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன்; அந்த பெல்ட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் குதிரைக் கண்ணு போனதே என்னாலதான். சண்டையில தூக்கி எறிஞ்சேன். தலையில படும்னு பாத்தேன், செவுத்துல பட்டுச்சு," என்று சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. புருஷனின் எலும்புகளை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினாள்.

அந்த முதல் வருடத்தில் பதினோரு பேர் இப்படி வீடு போய்ச் சேர்ந்தார்கள். உலிசெஸும் இல்லை, என் எவெலியோவும் இல்லை. ஆனாலும் பதினோரு பேர். ரொட்டிக்காரர் அதன்பிறகு நெரெய்தாவைக் கண்டால் தொப்பியைக் கழற்றினார்.

ஆகஸ்டில் எல் துலே என்ற இடத்தில் கைவிடப்பட்ட செங்கல் சூளைக்கு அடியில் ஒரு பெரிய குழி அகப்பட்டது. நூற்று நாற்பது படங்களை அலுவலகம் ஒரே நாளில் வெளியிட்டது. ஊரில் டெங்கு. நெரெய்தா நாலு நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். பெண்கள் மணிக்கொரு தரம் கூப்பிட்டார்கள். "எப்ப போடுவ, மிஹா?" "இன்னிக்கு வருமா?" கூப்பிட்டவர்களில் நானும் ஒருத்தி. எவெலியோ டயர் மாற்றப் போன கடை சூளைக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது.

அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். வழக்கமாக ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகப் பார்த்து, எவ்வளவு சுருக்கலாம் என்று முடிவு செய்வாள். அன்று நூற்று நாற்பதையும் ஒன்றாகச் சேர்த்து, மெத்தைக் கடைக்கு வைத்திருந்த அதே அளவில் தள்ளிவிட்டாள். சுருங்கி வந்த படங்களைப் பார்த்தே வரிகளையும் எழுதினாள். மூலப்படத்தைத் திறக்கவில்லை. மறுநாள் காலை பக்கத்தில் எல்லாம் ஏறிவிட்டது. நாங்கள் எல்லோரும் நன்றி சொன்னோம்.

அடுத்த வருடம் அக்டோபரில் எதுவிகெஸ் மலையிலிருந்து இறங்கி வந்தாள். மார்ச் மாதம் இலாரியோ இறந்துபோயிருந்தார்; அவருடைய ஓய்வூதியத் தாளில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. என் வீட்டில் தங்கினாள். போனில் மட்டுமே பழகிய நெரெய்தா இனிப்பு ரொட்டி வாங்கிக்கொண்டு மாலை நாலு மணிக்கு ஓடி வந்தாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள்.

"குரலை வெச்சு நீ உயரமா இருப்பேன்னு நினைச்சேன்," என்றாள் எதுவிகெஸ்.

"எல்லாரும் ஏமாந்து போவாங்க, தோன்யா. போன்ல மட்டும் உயரம்."

காப்பி குடித்தோம். எங்களைப் போன்றவர்கள் சேர்ந்தால் பேச்சு எப்படியும் துணியில் போய் நிற்கும். எதுவிகெஸ் மகனைப் பற்றிச் சொன்னாள்.

"அவனுக்குக் கறுப்பு ஜாக்கெட் ஒண்ணு. காலருக்குள்ள அவன் பேரு, குடும்பப் பேரு ரெண்டோட முதலெழுத்தும் தைச்சுக் குடுத்தேன். கூலியாளுங்க தங்குற கொட்டகையில திருடு ஜாஸ்தியாம்."

"எழுத்து இருக்குன்னு முன்னாடியே சொன்னீங்களே. எழுத்து இருக்கிற துணி எல்லாம் தேடிப் பாத்தேன். நாலு வந்துச்சு. அதுல உங்க பையனோடது இல்லை," என்றாள் நெரெய்தா.

"தூரத்துல தெரியாது, மிஹா. வெள்ளை நூல்ல தைச்சா பசங்க சின்னப்புள்ளைன்னு கேலி பண்றாங்கன்னு சண்டை போட்டான். அதனால கறுப்பு நூல்ல தைச்சேன். கறுப்புல கறுப்பு. தடவிப் பாத்தாத்தான் தெரியும்."

நெரெய்தா கையில் இருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். பிறகு பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துத் திறந்தாள். எல் துலே மூலப்படங்கள் இருந்த இடத்துக்குப் போனாள். அதில் இருந்த ஒரு ஜாக்கெட்டுக்கு அவள் பக்கத்தில் எழுதியிருந்த வரி எனக்கே ஞாபகம் வந்தது: 'கறுப்பு ஜிப் ஜாக்கெட். அடையாளம் ஏதும் இல்லை.'

பெரிய படம் திறந்தது. காலரை நெருக்கிக் கொண்டுவந்தாள். கறுப்புதான். வெளிச்சத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். கறுப்பு சாம்பல் நிறமானது. அதற்குள்ளிருந்து தடித்த, கோணலான இரண்டு எழுத்துகள் எழுந்து வந்தன. எஃப். ஆர்.

திரை அவள் பக்கமும் என் பக்கமும்தான் இருந்தது. மூடியை இறக்கிவிட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. அவள் கை மூடியின் மேல் ஒரு கணம் இருந்ததை நான் பார்த்தேன். அவள் கணினியை எதுவிகெஸ் பக்கம் திருப்பினாள்.

எதுவிகெஸ் விரலை நீட்டித் திரையைத் தடவினாள். "இது என் தையல்," என்றாள்.

பிறகு அவளே கேட்டாள். "இது எப்ப வந்துச்சு?"

"போன வருஷம் ஆகஸ்ட்."

"நான் பாத்தேனே. தொட்டிகிட்ட நின்னு ரெண்டு பேரும் பாத்தோம். கறுப்பு ஜாக்கெட் வந்துச்சு. கூட வந்த பேரன் வரியைப் படிச்சான். அடையாளம் இல்லைன்னு போட்டிருந்துச்சு. நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன், அவன் இல்லைன்னு." கை விரல்களை மடக்கி மாதங்களை எண்ணினாள். "இலாரியோ மார்ச்சுல போனாரு. கடைசி வாரம் வேற பேச்சே இல்லை. மேட்டுக்குப் போனியா, பாத்தியான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. பாத்தேன், இல்லைன்னேன்."

"என் தப்பு, தோன்யா," என்றாள் நெரெய்தா. "சுருக்கும்போது கண்ணுக்குத் தெரியாததைத்தான் அது முதல்ல தூக்கிப் போடும். இருட்டுத் துணியில ஒண்ணும் இல்லைன்னு நினைச்சு வழிச்சு விட்டுரும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் பெரிய படத்தைத் திறந்து பாக்கலை. என்னை…"

"மன்னிப்புக் கேக்காத." எதுவிகெஸ் கோபமாகச் சொல்லவில்லை. "கேட்டா நான் ஏதாவது பதில் சொல்லணும். எங்கிட்ட ஒண்ணும் இல்லை."

மறுநாள் காலை முதல் பேருந்தில் அவளை ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தாள். "அந்தப் பொண்ணுக்கு அப்பக் காய்ச்சல்னு ராத்திரி சொன்னியே, நிஜமா?" என்றாள். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். அவ்வளவுதான்.

எல் துலேயில் யாரும் உரிமை கோராத உடல்களை அலுவலகம் அதற்குள் பொதுக் கல்லறையில் புதைத்துவிட்டிருந்தது. எந்த உடல் எந்தக் குழியில் என்ற தாள் ஓர் இடத்தில் இருந்தது, கையெழுத்துப் போட வேண்டியவர் இன்னோர் இடத்தில் இருந்தார். ஃபவுஸ்தீனோவை வெளியே எடுக்க ஆறு மாதம் ஆனது. ஒவ்வொரு தாளுக்கும் நெரெய்தாதான் போய் வரிசையில் நின்றாள். எதுவிகெஸிடம் என் மூலமாக மட்டும் தகவல் சொன்னாள்.

ஜாக்கெட் விஷயம் தெரியவந்த முதல் வாரம் அவள் பக்கத்தையே எடுத்துவிடப் போவதாகச் சொன்னாள். சாப்பிடவில்லை, தலை வாரவில்லை. நான் வாசலில் நின்று கத்தினேன்.

"எடு. எடுத்துட்டுப் படுத்துக்க. மிச்சம் நூத்தி முப்பத்தொம்போது படம் இருக்கே, அதை யாரு பாப்பா? உன் மெத்தைக் கடைக்காரனா?"

"என்னை நம்புவீங்களா இனிமே?"

"நம்ப மாட்டேன். அதனாலதான் பக்கத்துல உக்காரப் போறேன். தள்ளு."

நூற்று நாற்பது மூலப்படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தோம். இரண்டு பேர் கண்ணும் பெரிய படத்தைப் பார்க்காமல் ஒரு வரிகூட ஏறக்கூடாது என்று விதி வைத்தாள். முழுப் படம் ஒல்லியாகவே இருக்கும், தொட்டி மேட்டிலும் திறக்க வேண்டுமே. ஆனால் தையல், கிழிசல், கீறல் உள்ள இடத்தை மட்டும் தனியாக வெட்டி, துளியும் சுருக்காமல் பக்கத்திலேயே வைத்தாள். எல் துலே படங்களில் இன்னும் ஒன்பது அடையாளங்கள் அகப்பட்டன. காலுறை நுனியில் அதே நிற நூலால் போட்ட ஒட்டு, மோதிரத்தின் உள்ளே பொறித்த தேதி, பழுப்புச் சட்டையில் பழுப்புக் காப்பிக் கறை. ஒன்பதும் வழிக்கப்பட்டிருந்தன. மூன்று குடும்பங்கள் சில வாரங்களில் அடையாளம் சொல்லின. மூன்றுமே முன்பு அந்தப் படத்தைக் கடந்து போனவைதான். நெரெய்தா ஒவ்வொருவரையும் தானே கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். ஒருத்தி நன்றி சொன்னாள். ஒருவர் அவளை வாய்க்கு வந்தபடி ஏசினார். அவர் முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மூன்றாமவர் பேசாமல் வைத்துவிட்டார்.

ஏப்ரலில் லா எஸ்கோந்திதாவில் ஃபவுஸ்தீனோவை அவன் அப்பாவுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். நாங்கள் லாரியில் ஆறு மணி நேரம் பயணம் செய்து போனோம். வர வேண்டாம் என்று நெரெய்தாவிடம் யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கல்லறைச் சுவரோரம் ஒட்டி நின்றாள். பெட்டி சின்னதாக இருந்தது. எதுவிகெஸ் அழவில்லை. மண் போட்டு முடிந்ததும் வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு பரிமாறினாள். கடைசியாக ஒரு தட்டில் பீன்ஸும் சோள ரொட்டியும் எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் நடந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"சாப்பிடு. ரோடு நீளம்."

நெரெய்தா தட்டை வாங்கிக்கொண்டாள்.

"அந்த வரியை மாத்திட்டியா?"

"அன்னிக்கே மாத்திட்டேன், தோன்யா."

"என்னன்னு?"

"கறுப்பு ஜிப் ஜாக்கெட். காலருக்கு உள்பக்கம் கறுப்பு நூலில் எஃப், ஆர் என்று கையால் தைத்தது."

எதுவிகெஸ் யோசித்தாள். "அம்மா தைச்சதுன்னு போடு," என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் போய்விட்டாள். அதன்பிறகு இன்றுவரை அவள் நெரெய்தாவோடு பேசவில்லை. என்னோடு பேசுகிறாள். நெரெய்தாவைப் பற்றிய பேச்சை நானும் எடுப்பதில்லை, அவளும் கேட்பதில்லை.

அந்த வருடக் கடைசியில் நிறுவனம் நெரெய்தாவை வேலையிலிருந்து நிறுத்தியது. படத்தைச் சுருக்கி, பெயர் வைத்து, வரியும் தானே எழுதுகிற மென்பொருள் வந்துவிட்டது என்றார்கள். கிளம்புவதற்கு முன் அவள் எங்கள் பக்கத்தில் இருந்த படம் ஒன்றை அதற்குக் கொடுத்துப் பார்த்தாள். குழந்தைக்குப் பின்னுகிற மாதிரி கம்பளி நூலில் பின்னிய ஒரு பணப்பை. உள்ளே ஒரு புனிதரின் படம் மடித்து வைத்திருந்தது. மென்பொருள் அரை நொடியில் எழுதியது: 'மேசை மேல் துணி.'

"தப்பில்லையே. துணிதான், மேசைதான்," என்றாள் என்னிடம். சிரிக்கவில்லை.

இப்போது தக்காளிப் பொதி கட்டும் கொட்டகையில் வேலை பார்க்கிறாள். ஓடும் பட்டையில் வருகிற தக்காளியை நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டும். எட்டு மணி நேரம் நின்றபடி. கணுக்கால் வீங்கிவிடுகிறது. சனிக்கிழமை தவறாமல் கம்பியோடு வருகிறாள். உலிசெஸைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவனுக்கான 'காணவில்லை' அறிவிப்பில் சட்டை என்ற இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஊகமாக எதையும் போட அவள் சம்மதிக்கவில்லை.

இந்த மழைக்காலத்தில் அலுவலகம் மேலும் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள் வெளியிட்டது. எல்லாம் பழையபடி பத்து எம்பி, வெறும் எண். செவ்வாயும் வியாழனும் அவள் வேலை முடிந்து வந்து கால்களை ஒரு வாளி உப்புத்தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்காருகிறாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு படம் திறக்கும்போதும் இது என் வீட்டுத் துணியாக இருந்துவிடக்கூடாது என்றும், இருந்துவிட வேண்டும் என்றும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொள்கிறேன். அவளும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

நேற்று பதினான்கு முடித்தோம். பதினைந்தாவது ஒரு சட்டை.

"பச்சை," என்றேன்.

"எந்தப் பச்சை?"

"பச்சைன்னா பச்சை, மிஹா. கண்ணு எரியுது எனக்கு."

"உலகத்துல நாப்பது பச்சை இருக்கு, தோன்யா. நல்லாப் பாருங்க."

நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். "எலுமிச்சந்தோல் பச்சை. ரெண்டு நாள் காஞ்ச தோல். இடது பையோரத்துல மையி கசிஞ்சிருக்கு."

அவள் எழுதிக்கொண்டாள். கசிந்த இடத்தை மட்டும் தனியாக வெட்டி வைத்தாள். அடுத்ததைத் திறந்தாள்.